ஜெபத்தில் வந்த சிரிப்பு

ஜூன் 15, சனிக்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்தேன். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேன், முற்றம் பெருக்கினேன், பால் விடாமல் கட்டன் சாயா போட்டுக் குடித்தேன், மறுநாள் ஆராதனைக்கான சேலையைத் தேய்த்து மடித்தேன். பிறகு கட்டிலருகே முழங்காலிட்டேன்.

அந்த ஆராதனை முடிந்ததும் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். காரக்கோணத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், என்னைப் பெண் கேட்டுத் தன் அக்காவை அனுப்பியிருந்தார். எனக்கு நாற்பத்தேழு வயது. நான் இருக்கும் அண்ணன் வீட்டில் என் கல்யாணப் பேச்சை எல்லோரும் மறந்து வருடங்கள் ஆகிவிட்டன. நானும் மறந்திருந்தேன்.

ஒரு மாதமாக இதற்காக ஜெபித்தேன். வில்லேஜ் ஆபீசில் வேலை பார்ப்பவள் என்பதால் என் ஜெபமும் மனுவைப் போலவே இருக்கும்: பொருள், விவரம், வேண்டுகோள், ஆமென். இதைக் கேட்டுப் போதகரின் மனைவி சிரித்துவிட்டார். "மனுவக் குடுத்த உடனே எழும்பிப் போனா பதில ஆரு வாங்குவா? ஆமென் சொல்லியிட்டு கொஞ்சம் இரிங்க அக்கா."

ஆகவே அன்று இருந்தேன். முதலில் கேட்டது குக்கர் விசில். அடுத்து, ரப்பர் தோட்டத்தில் யாரோ மலையாளத்தில் நாயைத் திட்டுவது. அப்புறம் உள்ளே குரல்கள் வந்தன. இந்த வயதிலா? ஊர் என்ன சொல்லும்? கர்த்தர்தான் கண்டிக்கிறார் என்று நடுங்கினேன். ஆனால் எதையும் சரிபார்க்காமல் விடுவது என் வழக்கமில்லை. யாருடைய குரல் என்று கவனித்தேன். முதலாவது நெய்யாற்றின்கரைச் சித்தி; மூக்கால் பேசுவார். இரண்டாவது எதிர்வீட்டுச் சேச்சி. அடையாளம் தெரிந்ததும் இருவரும் போய்விட்டார்கள்.

மிஞ்சிய அமைதியில், சபையில் அறுப்பின் பண்டிகையன்று காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டது நினைவுக்கு வந்தது. நான் காணிக்கையாக வைத்த எலுமிச்சை ஊறுகாய்க் குப்பிக்கு அந்த மருந்துக்கடைக்காரர் ஒரு விலை கேட்டார். எதிர்த்து யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து அவரே கூட்டிக் கேட்டார். மறுபடியும் கூட்டினார். "அண்ணா, போட்டிக்கு ஆளில்ல" என்று ஏலம் விட்டவர் கெஞ்சியும் நிறுத்தவில்லை.

ஜெபத்தில் இது என்ன நினைப்பு என்று விரட்டினேன். திரும்பி வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்காமல் கட்டில் குலுங்கியது. மைனி, என் அண்ணன் மனைவி, ஓடிவந்தார்.

"எட்டி, ஜெபிக்குதியா, பேய் பிடிச்சிருக்கா?"

"கர்த்தர் பேசுவாருன்னு இருந்தேன் மைனி. ஊறுகாய்தான் வருது."

"அந்த ஏலமா? அன்னைக்கு நீ முகம் செவந்து நின்னத சபையே கண்டுது. கர்த்தருக்கு மட்டும் கண்ணில்லியாக்கும்?"

இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தோம். அவர் போனபின் மெல்லக் கேட்டேன்: ஆண்டவரே, இது நீர்தானா? பயமுறுத்திய குரல்கள் யாரென்று தெரிந்ததும் ஓடிவிட்டன. இந்தச் சந்தோஷமோ, யாரென்று கேட்ட பிறகும் என் பக்கத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை கோழிக்கூட்டைக்கூடத் திறக்கவில்லை. அவருடைய அக்கா தந்திருந்த அவர் நம்பருக்குப் போன் செய்தேன்.

"நான்தான். எனக்குச் சம்மதம்."

அவர் உடனே கேட்டார்: "இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னும் ஒருக்கா."

சொன்னேன். "மூணு தரம் ஆச்சு," என்று ஏலத்தை முடித்துவிட்டுக் கோழிகளிடம் ஓடினேன்.