அலறல்தான் க்யூ

கல்லூரி நாடகக் குழுவில் இருந்தவன் என்பதால், ஒரகடத்தில் நான் பயிற்சிக்குச் சேர்ந்த ஆலையில் பாதுகாப்பு வார நாடகத்தை இயக்கும் வேலை என்னிடம் வந்தது. பிரஸ் மெஷினில் இரண்டு விரல்களை இழந்த ஏழுமலை அண்ணனையே விபத்துக் காட்சியில் நடிக்க வைத்தேன். நிஜம் போலவே இருக்கும் என்று எனக்கு ஒரே குஷி.

ஒத்திகையில் அவர் அலறவே இல்லை.

"அண்ணே, நீங்க கத்துறதுதான் க்யூ. அதக் கேட்டாத்தான் மத்தவங்க மேடைக்கு வருவாங்க. அன்னிக்கு நடந்தத நெனச்சுகினு கத்துங்க."

"அன்னிக்கு நான் கத்தவே இல்லபா. லைன் நின்னா சூப்பர்வைசர் திட்டுவாருன்னு பல்லக் கடிச்சுகினு நின்னேன். ரொம்ப நேரம் யாரும் பாக்கல."

"நாடகத்துக்குச் சத்தம் வேணும்ணே" என்றேன்.

விழாவில் கத்தினார். நான்கு பேர் பிசகாமல் ஓடிவந்து தாங்கினார்கள். முன்வரிசை அதிகாரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

திரைக்குப் பின்னால் வந்தவரிடம், "பின்னிட்டீங்கண்ணே!" என்றேன்.

அவர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, "கத்தினா இத்தினி பேரு ஓடியாறாங்களேபா" என்றார். கேலியாக இல்லை, வியந்துதான் சொன்னார்.

அவர் கத்தாமல் நின்ற அந்த நேரத்தைத்தான் நான் மேடையேற்றியிருக்க வேண்டும். நானோ அதை நடிப்பில் உள்ள குறை என்று திருத்திவிட்டேன்.