ஓடும் நீரில் துப்பியவள்

நெருப்பையும் நீரையும் தெய்வமாகக் கும்பிடும் பாரசீகக் கிராமமான ஷரீஃபாபாத்தில் ஓடும் தண்ணீரில் எச்சில் துப்புவது கொலைக்குச் சமானம். மொர்வாரித் துப்பினாள். அதுவும் பட்டப்பகலில், கால்வாயில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த அத்தனை பெண்களின் கண்ணெதிரே.

"அடிப் பாவி! தண்ணிக்குத் தாயானவ பேரைத்தானே உன் பொண்ணுக்கு வெச்சே?" என்று நாத்தனார் பரங்கீஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வெச்சேன். அவளே வந்து எடுத்துக்கிட்டா. இன்னும் என்ன மரியாதை?"

குழந்தையில்லாமல் ஏங்கிய காலத்தில், மலையடிவாரத்தில் பானு என்று ஊரார் கும்பிடும் நீர்த்தேவியின் சன்னிதியில் நேர்ந்துகொண்டு பெற்ற மகள். அந்தத் தேவி அனாஹிதாவின் பெயரையே வைத்தார்கள். மாசற்றவள் என்று அர்த்தம். ஊர்க் குருவான மொபத் மெஹ்ரபான் அந்தப் பெயரைச் சொல்லி வாழ்த்தியபோது மொர்வாரித்துக்குத் தலைகால் புரியவில்லை.

போன வசந்தத்தில் அதே சன்னிதிக்குத் தோழிகளோடு போனாள் அனாஹிதா. வறண்ட ஆற்றுப்படுகையைக் கடக்கும்போது மலையிலிருந்து வெள்ளம் இறங்கிவிட்டது. மற்றவர்கள் கரையேறினார்கள். அவள் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து மகளுக்கு நான்காம் நாள் வழிபாடும் இல்லை, மாத வழிபாடும் இல்லை. வீட்டார் பெயரை எடுத்துக்கொடுத்தால்தான் மொபத் அதை இறந்தவர்களின் வரிசையில் ஓதுவார். ஓதிவிட்டால் அவள் இறந்தவள். பெயரைச் சொல்ல மொர்வாரித் விடவில்லை. இன்று வருஷம் முடிகிறது.

கால்வாயிலிருந்து வீடு திரும்பியவள் அடுப்படியில் திகைத்து நின்றாள். ஆயுளில் கரண்டி பிடித்தறியாத அவள் கணவன் இஸ்பந்தியார், படையல் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான். தாடியெல்லாம் மாவு.

"என்னய்யா பண்றே? சுவத்துக்குப் பூசற மண்ணு மாதிரி இருக்கு!"

"நீ செய்யமாட்டேன்னுட்டே." அவன் நிமிரவில்லை. "வருஷ நாள்ல அவ ஆவி வந்து கதவைத் தட்டினா வெறும் வீடாவா இருக்கணும்? ஒரு வருஷமா எம்பொண்ணு வெளியிலயே நிக்கறாடி."

அவன் தோள்கள் குலுங்கின. மொர்வாரித் மகளுக்காக மட்டுமே பிடிவாதம் பிடித்ததாக நினைத்திருந்தாள். இந்த மனிதனை ஒரு வருஷமாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே!

"தள்ளு" என்று மாவை வாங்கிக்கொண்டாள்.

மாலையில் மொபத் வந்தார். விளக்கு எரிந்தது. எண்ணெயில் பொரித்த ரொட்டி வாசனை முற்றத்தை நிறைத்தது. மொபத் பெயருக்காகக் காத்திருந்தார். இஸ்பந்தியார் மனைவியைப் பார்த்தான்.

"ஐயா" என்றாள் மொர்வாரித். "மாசில்லாதவள்னு அர்த்தம் சொன்னீங்களே. சேத்துத் தண்ணி எம்பொண்ணு வாயில போயிருக்குமே, மூக்குல போயிருக்குமே. அப்புறம் அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

மொபத் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"தெரியலை தாயி. நீ பேரைச் சொல்லு."

"அனாஹிதா" என்றாள். "அனாஹிதா. இஸ்பந்தியார் மக."

வீட்டில் மறைந்தவர்களின் பெயர்களுக்கிடையே மொபத் அதையும் ஓதினார். அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

வாய்விட்டுக் கதறத் துடித்தவளின் கையைப் பரங்கீஸ் இறுகப் பிடித்தாள். "அழாதே அண்ணி. நாம விடற கண்ணீர் அந்த உலகத்துல ஆறாகி அவ வழியை மறிச்சுடும்."

மொர்வாரித் முக்காட்டுத் துணியை வாயில் திணித்துக்கொண்டாள். இன்னொரு ஆற்றைத் தன் மகள் கடக்க வேண்டாம்.