பாக்கியத்தின் பிள்ளை கையில் கட்டிய கயிறு

சகோதர சகோதரிகளே, எனக்கு அழகாகப் பேச வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

தேயிலை விலை விழுந்து தோட்டத்தில் ஆட்களைக் குறைத்த வருடம் அது. பொகவந்தலாவையில் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்த அறையில் பாக்கியம் இருந்தாள். என்னோடு கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே பெண்பிள்ளை. என் பேச்சைக் கேட்டுத்தான் ஆண்டவரிடம் வந்தாள். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. பயத்தில் மாரியம்மன் கோயில் மஞ்சள் கயிற்றை அதன் கையில் கட்டினாள். அப்படியே ஜெபக்கூட்டத்துக்கும் தூக்கி வந்தாள். எங்கள் சபை மூப்பர் தோட்டத்தில் ஆட்களின் பேர் பதிகிற கணக்கப்பிள்ளை. கயிற்றைப் பார்த்தார்.

"ரெண்டு தோட்டத்துல பேர் பதியிறியா நீ?" என்று எல்லார் முன்னும் கத்தி, அதை அறுத்து வெளியே எறிந்தார். பிள்ளைக்கு ஜெபிக்கவே இல்லை.

அந்த வாரமே பிள்ளை செத்தது. காய்ச்சல்தான் கொன்றது. பாக்கியத்துக்கு அப்படித் தெரியவில்லை. லயத்துப் பெண்கள் வேறு, "ஏன்டி, ஒங்க சாமி ஒரு கயித்துக்குப் பயப்படுமா?" என்றார்கள்.

பாக்கியம் என்னிடம் கேட்டாள்: "அக்கா, நீங்க என்னையக் கூப்டாம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருக்குமில்ல?"

கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெபத்துக்கு வருவதையும் விட்டாள்.

மலையில் கூடையோடு நின்று ஜெபித்தேன். கோபத்தோடுதான். "ஆண்டவரே, கட்டினது அவ பயம். அறுத்தது ஒம்ம ஆளு. விசுவாசத்துல சின்னவ, இந்தப் பாக்கியத்தையும் விட்ருவீரா?" மழைக்காலம் முழுக்க இதே ஜெபம். மூப்பரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே வந்தார். குடை இல்லை. பாக்கியத்தின் வாசலில் ஈரத்தரையில் உட்கார்ந்தார்.

"தாயி, ஒம்புள்ள நெத்தியில கை வைக்காமப் போயிட்டேன். மன்னிச்சிரு" என்று அழுதார். லயமே பார்த்தது.

பாக்கியம் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே போய் ஒரு சாக்கை எடுத்து வந்தாள். "ஈரத்துல ஒக்காராதீங்க ஐயா" என்றாள்.

என் ஜெபத்துக்கு அதுதான் பதில். பிள்ளை திரும்பி வரவில்லை. அதற்காக இன்றும் அழுகிறேன். பாக்கியம் வெகுநாள் கழித்து ஜெபத்துக்கு வந்து, கதவோரம் உட்கார்ந்தாள். அப்புறம் சபையை விட்டுப் போகவே இல்லை.

இப்போதும் கயிறு கட்டிய பிள்ளைகள் வருகிறார்கள். மூப்பர் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். பாக்கியம் போய் அந்தத் தாயின் பக்கத்தில் உட்காருகிறாள்.

விசுவாசத்தில் பெரியவர்கள் என்று நினைக்கிறவர்களே, நேற்று வந்தவர்கள்மேல் கை ஓங்காதீர்கள். யாராவது அப்படி விலகிப் போயிருந்தால், கோபத்தோடாவது ஆண்டவரிடம் கேளுங்கள். என் கோபத்தையும் அவர் பொறுத்துக் கேட்டார். அவருக்கு நன்றி.