ஒளியை ஒலி என்று எழுதினேன்

என் தோழியின் தந்தை தம் தொழிலுக்கென்று எண்ணி வைத்திருந்த பெயரை நான் எடுத்து என் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த வாக்கியத்தைப் பலமுறை எழுதி அடித்திருக்கிறேன். 'எடுத்து' என்பது சரியான சொல்தானா என்று எனக்கே தெளிவில்லை. 'திருடி' என்று எழுதிப் பார்த்தேன், கை கூசியது. 'என்னை அறியாமல்' என்று முன்னே சேர்த்துப் பார்த்தேன். அதுவே ஒரு பொய்யோ என்று தோன்றியது... படித்து முடித்தபின் நீங்களே பொருத்தமான வினைச்சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

நான் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவி. வீடு ஸ்ரீரங்கத்தில், கல்லூரி ஆற்றுக்கு அக்கரையில், திருச்சிராப்பள்ளியில். அதிகம் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் வகுப்பில் எவரேனும் லகரத்தையும் ளகரத்தையும் மாற்றி உச்சரித்தால் என் முகம் தானாகவே திரும்பிவிடும். அந்தத் திரும்பலுக்காகவே என்னிடம் நெருங்காதவர்கள் உண்டு. நெருங்கியவள் ஒருத்திதான்: பிலோமினா.

அவளுடைய தந்தை சவரிமுத்து, பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்லூரிப் புங்கமரத்தடியில் உண்டுகொண்டிருந்தபோது ஒரு நாள் அவள் சொன்னாள்:

"அப்பா ரிடயர் ஆகப் போறாங்கடி. வீட்லயே மேசை விளக்கு செஞ்சு விக்கப் போறாங்களாம். ரெண்டு சிநேகிதக்காரங்களும் சேர்றாங்க. கம்பெனிக்குப் பேர்கூட வச்சாச்சு."

"என்ன பேர்?"

"ஒளி எலெக்ட்ரிக். நான் சொன்னதுதான். அந்தப் பேர்ல வேற யாராவது இருக்காங்களான்னு மெட்ராஸுக்கு எழுதிக் கேக்கணுமாம். பணம் கைக்கு வந்ததும் எழுதுவாங்க. நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் யார்கிட்ட பேசுறேன்?"

"அதான் உன்கிட்ட சொல்றேன்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே அந்தப் பெயரை மறந்துவிட்டேன் என்று உங்களிடம் நான் சொல்ல முடியாது.

அதே பருவத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு கம்பெனி பெயரின்றித் தவித்துக்கொண்டிருந்தது. என் அண்ணன் சுந்தரம் சென்னையில் ரேடியோ வேலை கற்றுத் திரும்பியிருந்தான். ரேடியோவும் ஒலிபெருக்கியும் செய்து விற்க வேண்டும் என்பது அவன் கனவு. காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருந்த அப்பா முதல் போடச் சம்மதித்திருந்தார். ஆனால் கம்பெனி தொடங்குவோர் முதலில், வேறெந்தக் கம்பெனியின் பெயரையும் ஒத்திராத ஒரு பெயரைத் தேர்ந்து, சென்னை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கேட்க வேண்டும். ஒத்த பெயர் எதுவும் இல்லை என்று அவர்கள் கண்டால், சில காலத்துக்கு அப்பெயரை நமக்கென்று ஒதுக்கி வைப்பார்கள்.

அண்ணன் 'காவேரி' என்று கேட்டான், முன்பே இருந்தது. 'மலைக்கோட்டை' என்று கேட்டான். அதை ஒத்த ஒன்று இருந்தது. 'ஸ்ரீரங்கா'வும் திரும்பி வந்தது.

"ரங்கநாதர் பேரைக் கேட்டா, வரிசையில அவருக்கும் முன்னாடி ஒருத்தன் நிக்கிறானே" என்றார் அப்பா.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "இவ ஒருத்தி வீட்ல தமிழ் படிக்கிறா. அடுத்தவன் எழுத்துல தப்புக் கண்டுபிடிக்கத்தான் தெரியும். ஒரு பேர் வைக்கத் தெரியல."

"ஒலி" என்றேன்.

அவ்வளவுதான். யோசித்துப் பெற்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு தடம் இருக்கும். எதை நினைத்தோம், எதை விலக்கினோம் என்று பின்னோக்கி நடந்து பார்க்கலாம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் அப்படித் தடம் எதுவும் இல்லை. நாவில் இருந்தது, விழுந்தது. ரேடியோ என்றதும் ஒலி தோன்றுவது இயல்பல்லவா? இயல்புதான். புங்கமரத்தடியில் கேட்ட ஒளியே ஓர் எழுத்து மாறி வந்ததா? அதுவும் இயல்புதான்... இரண்டில் எது நடந்தது? என் மனத்தினுள் நடந்ததற்கு நானே சாட்சி. அந்தச் சாட்சி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா முகம் சுளித்தாள். "என்னடி இது, நல்ல காரியத்துக்கு ஒழின்னா பேர் வைப்பாங்க?"

"ஒழி இல்லம்மா, ஒலி. சத்தம்."

"சத்தம்னா சத்தம்னு வையேன். வாயில வசவு மாதிரி வருது."

"உன் வாய்ல எதுதான் வசவா வராது?" என்றார் அப்பா. அண்ணனோ அதற்குள் அச்சொல்லைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்து மகிழத் தொடங்கியிருந்தான்.

வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நான். ஆகவே விண்ணப்பத்தை எழுதியதும் நானே. ஓ, எல், ஐ என்று எழுதியபோது பேனா நின்றது. ஆம், நின்றது. இதை நான் மறைக்கப் போவதில்லை. தமிழில் ஒலி வேறு, ஒளி வேறு. ஒன்று செவிக்கு, மற்றது கண்ணுக்கு. அவற்றைக் குழப்புபவனை எழுத்தறியாதவன் என்போம். ஆனால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அந்த மூன்றே எழுத்துகள்தாம். அம்மா சொன்ன ஒழியைக்கூடப் பலர் அப்படித்தான் எழுதுவர். அந்த அலுவலகம் ஆங்கில எழுத்துகளையே ஒப்பிட்டுப் பார்க்கும் என்பதை நான் அறிவேன். பக்கத்தில் தமிழில் எழுதிக் காட்டலாமே என்றும் தோன்றியது. எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பயன் இருந்திராது என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

'ஒலி என்பது ஒளி அன்று' என்று மனத்துக்குள் ஒரு நூற்பாவைப் போல் சொல்லிக்கொண்டேன். எழுத்து வேறுபட்டால் பொருள் வேறுபடும். இலக்கணம் என் பக்கம் இருந்தது. நான் எவருடைய சொல்லையும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அதை நம்பினேனா? நம்பியதாகவே நினைவு. நம்பினேன் என்றால் பேனா ஏன் நின்றது?

இன்னொன்றும் உண்டு. அண்ணன் முதலில் விரும்பியது 'ஒலி ரேடியோ'. விண்ணப்பத்தில் போனதோ 'ஒலி எலெக்ட்ரிக்'. "எலெக்ட்ரிக்னு போட்டா நாளைக்கு ஃபேன்கூடச் செய்யலாம்னு எங்க கோதைதான் சொன்னா" என்று அண்ணன் இன்றும் பெருமையாகச் சொல்கிறான். நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. அவன் பொய் சொல்பவனும் அல்லன். எலெக்ட்ரிக் என்ற சொல் எங்கிருந்து வந்தது? நான் சொல்லியிருந்தால், என்னுள் எவள் அதைச் சொன்னாள்?

பெயர் எங்களுக்கென்று ஒதுக்கப்பட்டதாகப் பதில் வந்தது. அம்மா பாயசம் வைத்தாள். நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சில வாரங்கள் கழிந்தன. பிலோமினா கல்லூரிக்கு வாடிய முகத்துடன் வந்தாள். "அந்தப் பேர் கிடைக்காதாம்டி. இதே ஊர்ல யாரோ முந்திட்டாங்களாம். அப்பா ரொம்பச் சங்கடப்படுறாங்க. நீ வீட்டுக்கு வா. வேற பேர் ஒண்ணு யோசிக்கலாம். உன்னைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

சென்றேன். மறுத்திருக்கலாம், தலைவலி என்றிருக்கலாம். பாலக்கரையில் அவர்கள் புதிதாகக் குடிபுகுந்திருந்த வீட்டில், சவரிமுத்து மாமா என் முன் ஓர் எஃகுக் கட்டையைக் கொண்டுவந்து வைத்தார். விளக்கின் அடியில் பதிக்கும் பித்தளைத் தகட்டில் பெயரை அழுத்துவதற்கான அச்சு. தம் கையாலேயே வெட்டியிருந்தார். கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத்துகள் இடவலம் மாறி நின்றன. நான் அவற்றைத் திருப்பிப் படிக்க வேண்டியிருந்தது. ஓ, எல், ஐ.

"பதில் வர்றதுக்குள்ள கை சும்மா இருக்கல பாரு" என்றார் அவர். "கோயில்ல பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே புள்ளை கையில பேரைப் பச்சை குத்தின கதை ஆயிடுச்சு. இனி அழிக்கவும் முடியாது. நீ படிச்ச பொண்ணு, இதோட ஒத்துப்போற மாதிரி ஒரு பேர் சொல்லும்மா."

சுடர் என்றேன். கதிர் என்றேன். தீபம் என்றேன். எதற்கும் அந்த மூன்று எழுத்துகள் இடம்கொடுக்கவில்லை என்பது எனக்கும் தெரிந்தே இருந்தது.

"இவ கடை போடுற மாதிரி அடுக்குறா. அச்சுக்குள்ள ஒண்ணும் நுழையல" என்றாள் பிலோமினா.

அப்போது, தேநீரை என் பக்கம் நகர்த்தியபடி, மாமா இயல்பாகக் கேட்டார்: "உங்க வீட்லயும் ஏதோ கம்பெனி ஆரம்பிக்கிறாங்களாமே. அதுக்கு என்னம்மா பேரு?"

"இன்னும் முடிவாகல, மாமா."

இது பொய். இதில் குழப்பம் எதுவும் இல்லை. ஒலியை எடுத்தேனா, எலெக்ட்ரிக்கைச் சொன்னேனா என்பவற்றை என்னால் நிறுவ இயலாது. ஆனால் இந்த மூன்று சொற்களையும் நான் தெளிவாக, உச்சரிப்புப் பிழையின்றி, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அண்ணன் பெயரை விட்டுக்கொடுத்திருக்கலாம். அவன் முரடன் அல்லன். கடைப் பலகைகூட அப்போது எழுதப்படவில்லை. ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லையோ? கேட்டால் கொடுத்துவிடுவான் என்பதால்?

நான் வைத்த முதற்பெயர் அது. அதுவரை பிறர் வைத்த சொற்களைத் திருத்தியவள் மட்டுமே நான்... இதைக் காரணமாகக் கூறவில்லை. அந்நேரம் அதுவும் மனத்தில் இருந்தது என்பதால் கூறுகிறேன்.

அச்சுக்கு ஏற்ற பெயரைப் பிலோமினாவே கண்டாள். "ஒலிவ மரம்னு வேதப் பாடத்துல சொல்வாங்களேப்பா. அதை இங்கிலீஷ்ல எழுதினா, இருக்கிற எழுத்தோட வி, ஈன்னு இன்னும் ரெண்டு சேர்த்தாப் போதும்."

மாமா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் சிறிது இடம் இருந்தது. "நெருக்கியடிச்சு உக்காத்தி வச்சிரலாம். பஸ்ல கடைசியா ஏறுறவன் மாதிரி" என்றார். மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒலிவ என்ற சொல்லில் லகரம் வருகிறது. அதாவது, என் ஒலி. தம் ஒளியை விட்டு, அறியாமலே என் எழுத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். அதை அங்கே கவனித்தவள் நான் ஒருத்திதான்.

ஒலிவ எலெக்ட்ரிக் என்ற பெயருக்குத் தடை வரவில்லை.

பின்னர் தெப்பக்குளத்தின் அருகே அண்ணனின் கடைக்குப் பலகை ஏறியது. தமிழில் 'ஒலி' பெரிதாக. கீழே ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்துகள். ஒருநாள் மாலை புத்தகம் வாங்கப் பிலோமினா என்னை இழுத்துக்கொண்டு அத்தெருவுக்கே வந்துவிட்டாள். வேறு தெரு வழியாகப் போகலாம் என்று சொல்லத் துணியவில்லை. சொன்னால் ஏன் என்பாள்.

கடைவாசலில் நின்ற அண்ணன், "வாங்க, வாங்க. என்ன கோதை, முதலாளி மாதிரி வெளியிலேயே நின்னு பார்க்கிறே? பேர் வச்சவ உள்ள வரக் கூடாதா?" என்றான்.

பிலோமினா பலகையை அண்ணாந்து பார்த்தாள். முதலில் தமிழைப் படித்தாள். பின்னர் ஆங்கிலத்தை, ஒவ்வோர் எழுத்தாக, உதடு மட்டும் அசைய.

"நீ வச்சதா?"

"ம்."

"நல்ல பேரு" என்றாள்.

கடைக்குள் சென்றாள், பாடிக்கொண்டிருந்த ரேடியோவைத் தொட்டுப் பார்த்தாள், அண்ணனிடம் விலை விசாரித்தாள். திரும்பும்போது பஸ்ஸில் தேர்வைப் பற்றிப் பேசினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரியாமல் எப்படி இருக்கும்? தெரிந்திருந்தால் எப்படிப் பேசினாள்? அந்த 'நல்ல பேரு' என்பதை எத்தனையோ விதமாக அழுத்தி, தளர்த்தி, எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு பொருள் வருகிறது. செய்யுளுக்கு உரை எழுதக் கற்ற எனக்கு இரண்டு சொற்களுக்கு உரை எழுத முடியவில்லை.

தேர்வு நெருங்கியபோது செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை அவள் என் கையில் வைத்தாள். மேசை விளக்கு.

"அப்பா உனக்குன்னு செஞ்சாங்க. எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு கோதையைப் பார்க்கச் சொல்லுன்னாங்க."

அவர் வெள்ளை மனத்துடன் சொல்லியிருக்கலாம். எழுத்துப் பிழை பார்ப்பவள் என்று என்னை எல்லாரும் அறிவர். அல்லது...

இப்போது அந்த விளக்கு என் மேசைமேல் இருக்கிறது. ஆற்றின்மேல் மழை இறங்கியதால் பகலிலேயே அறை இருண்டுவிட்டது. அதை ஏற்றிவைத்துத்தான் இதை எழுதுகிறேன். நல்ல விளக்கு. கண்ணைக் கூசச் செய்யாத, நிதானமான வெளிச்சம். அடியிலுள்ள பித்தளைத் தகட்டில் முதல் மூன்று எழுத்துகள் காலை அகட்டி, அகன்று, அழகாக நிற்கின்றன. பின்னால் சேர்த்த இரண்டும் ஒல்லியாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கியிருக்கின்றன.

எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.