தாய்மாமன் மடி

எங்கள் குடும்ப விசேஷங்களின் தேதிகளை இருபது வருடமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஆனால் கூட்டல், கழித்தல் எனக்கு வராது. அது டிஸ்கால்குலியா என்று டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லாமலே இருந்தேன்.

போன ஆவணியில் பேரையூரில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். நான் ஒரே அண்ணன்.

“பத்தரைக்குள்ள குத்திரணும்ணே. நேரத்தோட வந்துரு” என்று போனில் சொன்னாள்.

ஒத்தக்கடையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். பத்தரை, ஒன்பதரை என்று இரண்டு விரல் மடக்கினேன். ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும் என்று நினைத்தேன். முந்தின நாளே அங்கே போயிருந்த மனைவியிடம் கேட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை அழுது ஓய்ந்திருந்தாள். பெரியப்பா மகன் மடி கொடுத்திருந்தார்.

“என்ன மச்சான், ஒத்தக்கடை துபாய்க்கு அங்கிட்டா இருக்கு?” என்றார் தங்கை வீட்டுக்காரர். பந்தியே சிரித்தது.

தங்கை சிரிக்கவில்லை. “வரப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம்ணே.”

அப்போதுதான் அவளைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“இம்புட்டு வருசமா மறைச்சியா? எப்பக் கிளம்பணும்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?” என்று அழுதாள்.

வீடு திரும்பி நோட்டைத் திறந்தேன். தேதியும் இடமும் பிழையில்லாமல் எழுதினேன். மடி கொடுத்தவர் என்ற இடத்தில் பெரியப்பா மகன் பெயரை எழுதினேன்.