எங்கள் 'டிபன் கேரியர்' காரில் பேர் வெட்டிய கதை

இன்று காலை கம்பி நாரும் கையுமாகக் காருக்கு முன்னால் நின்றேன். அங்கேதான் சனி பிடித்தது!

அனகாபுத்தூரில் எங்கள் தெருவில் மழைக்கு மழை தண்ணீர் நிற்கும். பழைய காரின் கதவுகளில் கீழ்ப்பாதி துருப்பிடித்து அப்பளமாக உதிர்ந்தது.

என் மனைவி வசந்தி அதையெல்லாம் வெட்டி எடுக்கச் சொல்லி எவர்சில்வர் தகடு போட்டுவிட்டாள். (தெருவில் எங்கள் காருக்குப் பேரே 'டிபன் கேரியர்'தான்!)

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கதவைத் துணியால் துடைத்துவிட்டுச் சிரிப்பாள். (என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எத்தனை காலம்!)

இன்று அவள் பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டாள். கதவில் காக்காய் எச்சம்.

எவர்சில்வர்தானே என்று பாத்திரம் மாதிரியே சுற்றிச் சுற்றித் தேய்த்தேன்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல்! நடுவே கம்பி இழுத்த ஒரு நீளக் கோடு!

அந்தத் தகட்டைப் போட்ட பல்லாவரம் டிங்கரிங் கடைக்குப் பறந்தேன். கடைக்காரர் கதவைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், கதவுல தோசை வார்த்துகினு வந்துகிறே?"

"அண்ணா, அவ வர்றதுக்குள்ள பெயிண்ட் அடிச்சு மறைச்சிடுங்க!"

"பளபளன்னு இருக்கணும்னுதானே அக்கா இத்த போட்டுச்சு? பெயிண்ட பாத்தா நம்ம ரெண்டு பேரும் காலி."

உப்புத்தாளால் தகட்டின் மெல்லிய வரி ஓடும் போக்கிலேயே இழுத்தார். வட்டங்கள் மறைந்தன. நீளக் கோடு மட்டும் போகவில்லை.

"இது ஆழமா கீது சார். இன்னும் தேய்ச்சா பள்ளமாப் பூடும்."

எதிரே பாத்திரக்கடை. உள்ளே ஒருவர் மெஷினை வைத்துக் குடத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்.

கெஞ்சிக் கூத்தாடி அவரை வாசலுக்கு இழுத்து வந்தேன். ஒயரை நீட்டி, கோட்டைக் கொடியாக்கி, இரண்டு பூ வைத்து, மேலே 'வசந்தி' என்று வெட்டினார். அசல் கல்யாணச் சீர்!

சாயங்காலம் வசந்தி வந்தாள். கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எதை வெச்சுக் கீறுனீங்க?"

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"சும்மா நாள்ல என் பேரு உங்களுக்கு ஞாபகம் வருமா?"

அவள் கொடியை விரலால் தடவினாள்.

"குடத்துல உங்கம்மா பேரு. அண்டாவுல உங்க அத்தை பேரு. இந்த வீட்டு எவர்சில்வர்ல என் பேரு இருக்கறது இது ஒண்ணுதான், தெரியுமா?"

நான் துண்டை எடுத்து அந்தப் பேரை ஒருமுறை துடைத்தேன்.

"அந்தப் பக்கக் கதவு மொட்டையா இருக்கு. நாளைக்கு அதையும் கீறிட்டு வாங்க!"

இதுதான் சமயம் என்று, "பக்கத்துல என் பேரையும் வெட்டிக்கவா?" என்றேன்.

"டிக்கியில தகடு போடும்போது பாக்கலாம்."

மக்களே, டிக்கி துருப்பிடிக்க என்ன செய்யலாம்?