என் நாக்கு துரத்திய மகன்

என் மகனை வீட்டைவிட்டு ஓட வைத்தது சாத்தான் இல்லை, நான்தான். ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்ல வந்தவன் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழியைச் சாத்தான் மேல் போட்டுவிட்டு நல்லவனாக உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

இந்த எழுபத்தொன்றாம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் காலையிலேயே என் தறிக்குப் பாவு நீட்டினோம். பாவின் பட்டு இழைகள் தெரு நீளத்துக்கு விரியும். ஒரு முனையில் நான், மறு முனையில் என் மகன் அருளப்பன். பதினேழு வயது. திக்குவாய். அவன் பக்கம் இழைகளைப் பிடித்திருக்கும் கயிற்றுக் கட்டு நழுவினால் அவன் "நிறுத்து" என்று கத்த வேண்டும். அதுவரை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே இருப்போம். அன்று கட்டு நழுவியது. அவன் பார்த்துவிட்டான். வாயையும் திறந்தான். சொல் வரவில்லை. நாங்கள் இழுத்தோம். பாவு மண்ணில் விழுந்து, இழைகள் அறுந்து சிக்கிக்கொண்டன.

கை கொடுக்க வந்த தெருக்காரர்கள் பாவைச் சுற்றிக் கூடினார்கள். அவர்களைச் சிரிக்க வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கழுத்தை நீட்டி, கண்ணைப் பிதுக்கி, அவனைப் போலவே செய்து காட்டினேன்.

"நி... நி... நி... இவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாவு படுத்துத் தூங்கிடுச்சிபா!"

எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகவே செய்திருக்கிறேன். அருளப்பன் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நடந்தான். சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

பையனைக் காணோம் என்று தெருவில் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கன்னியப்பன், "இன்னா சவரி, புது ஆட்டமா?" என்றார். அழுதேன். "அழுவறது அச்சு அசலா இருக்குதுபா" என்று முதுகில் தட்டினார்.

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ரயிலடிக்கு ஓடினேன். செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்து ஓர் அம்மாளிடம் திட்டு வாங்கினேன். செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றில் ஒரு வேட்டி கிடந்தது. ஐயோ என்று கணுக்கால் தண்ணீரில் விழுந்து அதைக் கட்டிக்கொண்டேன். துவைத்துக்கொண்டிருந்தவர் வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார். சின்ன காஞ்சிபுரத்தில் கிளி ஜோசியக்காரர் முன்னாலும் உட்கார்ந்தேன். ஞானஸ்நானம் வாங்கியவன்! கிளி சீட்டை எடுக்கும் முன்பே அதைக் கும்பிட்டேன்.

என் மனைவி ஆரோக்கியம் எங்கும் ஓடவில்லை. இளைஞர்களுக்காகவே வாழ்ந்த புனிதர் ஒருவரின் படம் எங்கள் வீட்டில் உண்டு. சிறு வயதில் கயிற்றில் நடந்து வித்தை காட்டி, கூடிய பிள்ளைகளை ஜெபிக்க வைத்தவர். பிறகு தெருவில் திரிந்த பையன்களுக்கு வீடும் தொழிலும் கொடுத்தவர். அவருடைய திருநாளுக்கு முன் ஒன்பது நாள் ஜெபிக்கும் நவநாள், அருளப்பன் போன மறுநாள் தொடங்கியது. அவள் படத்துக்கு முன் முழந்தாளிட்டாள்.

"அவரும் உன்னை மாதிரி வேடிக்கை காட்டினவருதான்யா. பசங்க அவருகிட்ட ஓடி வந்தாங்க. உங்கிட்டேருந்து ஓடறாங்க. வந்து முட்டி போடு."

போட்டேன். "ஆண்டவரே, உயிரோடு திருப்பிக் கொடும்" என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. ஐந்தாம் நாள், "செத்திருந்தா இன்னாடி பண்றது?" என்று கேட்டுவிட்டேன்.

"கேட்டது ஆண்டவருகிட்ட. பதிலை நீ சொல்லாதே" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை முசரவாக்கத்திலிருந்து சமண விவசாயி ஒருவர் நெல் வண்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "உம் பையன் எங்க களத்துலதான்பா வேலை செய்றான். ஊரு எதுன்னு கேட்டா வாயே திறக்கலே. இன்னிக்குத்தான் அம்மா தேடும்னு சொல்லித் தெருப் பேரைச் சொன்னான்."

அவர் வண்டியிலேயே நானும் போனேன். அருளப்பன் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். மன்னிச்சிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ம... ம..." அதற்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அவன் முகம் கறுத்தது. "இ... இங்கேயும் வந்து ஆரம்பிச்சிட்டியா நைனா?"

பிதாவே! அழும்போதும் நம்ப முடியாத தகப்பனாக இருந்திருக்கிறேன். களத்திலேயே முழந்தாளிட்டேன். அவன் கையிலிருந்த வைக்கோலைப் போட்டுவிட்டு, "அம்மாவுக்காக வ... வரேன்" என்றான்.

வந்தான். தறியில் உட்கார்ந்தான். அம்மாவிடம் பேசினான். என்னிடம் "நூல்", "தண்ணி" இவ்வளவுதான். உயிரோடு கேட்டேன், உயிரோடு கொடுத்தார். அவன் மன்னிப்பையும் சேர்த்துக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரையும் போலச் செய்து காட்டுவதை விட்டேன். தெருவில் என்னைச் சீக்காளி என்கிறார்கள்.

சகோதரரே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவன் பேரைச் சொல்லி ஆண்டவரிடம் கேளுங்கள். உங்களைக் குற்றவாளியாக நிறுத்திக்கொண்டு கேளுங்கள். தருவார். நமக்கு வசதியான மாதிரி தருவார் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அருளப்பன் சைக்கிளை என் பக்கத்தில் நிறுத்தினான். "ஏ... ஏ... ஏறிக்கோ நைனா" என்றான். ஏறிக்கொண்டேன். வீடு வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஆண்டவருக்குத் தோத்திரம்.